அம்புக்குறி காட்டிய நேர்கோடு

அன்னமேரி பாயான் லெப்பாஸ் சிப் தொழிற்சாலையில் பதினேழு வருடம் நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பிகளில் பழுது கண்டுபிடித்தவள். அப்பேர்ப்பட்டவளுக்கு ஞாயிறுதோறும் மலையேறும் கூட்டத்தில் கிடைத்த பட்டம் ‘வழிதப்பி’.

சூட்டியவர் கூட்டத்தின் தலைவர் ஆனந்தராஜா, ஓய்வுபெற்ற தலைமைக் கிளார்க். 1995இல் தானே தவறான கிளைப்பாதையில் நுழைந்து, எல்லாரையும் அட்டைக்கடிக்கு ஆளாக்கிவிட்டு, அன்னமேரி கைகாட்டிய பக்கம் வந்ததாகக் கூசாமல் சொன்னார். ஏழை சொல் அம்பலம் ஏறுமா? அவள் மறுத்ததை யாரும் காதில் வாங்கவில்லை. பொய் சொன்ன அதே வாயால் உண்மையைச் சொல்லவைக்காமல் விடுவதில்லை என்று அன்றே கறுவிக்கொண்டாள்.

இரண்டு வருடம் கழித்து அவர் மகன் அமெரிக்காவிலிருந்து கையடக்க ஜிபிஎஸ் கருவி அனுப்பினான். விளக்கப் புத்தகத்தை மனிதர் பிரித்தே பார்க்கவில்லை. அன்னமேரியிடம் நீட்டினார்.

“உனக்குத்தான் வழி தெரியாதே, நீ படிலா.”

எல்லாரும் சிரித்தார்கள். அவள் வாங்கிக்கொண்டாள். தொழிற்சாலை பஸ்ஸில் மூன்று வாரம் படித்தாள். வேபாயிண்ட் என்பது குறித்துவைத்த இடம். பேரிங் என்பது அந்த இடம் இருக்கும் திசை. இடையில் கிடக்கும் பள்ளம் பாறையெல்லாம் அதற்குத் தெரியாது. டிராக் என்பது நாம் நடந்துவந்த தடம், கருவி தானாகவே பதிந்துவைப்பது. ஜெபம்போல மனப்பாடமாகிவிட்டது.

அடுத்த ஞாயிறு ஆயர் ஈத்தாம் மலை. அடிவாரத்தில் கார் நின்ற இடத்தை ஆனந்தராஜா கருவியில் குறித்தார். திரும்பும்போது பழைய பாதையை விட்டு விலகினார்.

“அம்பு காட்டுது பாருங்க, கார் எண்ணூறு மீட்டர்தான். நேரா போயிடலாம்.”

அது பேரிங், பாதையல்ல. அன்னமேரி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நன்றாகப் போகட்டும் என்று பின்னாலேயே நடந்தாள். நாற்பது நிமிடம் பிரம்புமுள் கிழித்த பிறகு கிடுகிடு பள்ளத்தின் விளிம்பில் போய் நின்றார்கள். அம்பு இன்னமும் எதிரே காட்டிக்கொண்டிருந்தது. வந்த வழியும் புதரில் மறைந்துவிட்டது. ஆனந்தராஜா பொத்தான்களைக் கண்டபடி அழுத்தினார். வானம் இருட்டியது.

“வந்த தடம் அதுக்குள்ளயே இருக்குண்ணே. எடுக்க எனக்குத் தெரியும்,” என்று அவள் பாறையில் உட்கார்ந்தாள். “மொதல்ல நீங்க சொல்லுங்க. அன்னைக்கு வழி தப்பவிட்டது யாரு?”

“மழை வருதுலா அன்னமேரி,” என்று கெஞ்சினாள் கூட வந்த அமலம்மாள்.

“வரட்டும்க்கா. ரெண்டு வருஷமா நான் நனைஞ்சாச்சு.”

முதல் துளிகள் விழுந்தன. ஆனந்தராஜா மண்ணைப் பார்த்துக்கொண்டே, “நான்தான்,” என்றார்.

“பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கலண்ணே,” என்றாள் அன்னமேரி.