மகளின் டிராகன் மொழியும் டைரியில் நான் போட்ட கையெழுத்தும்

இன்று மகளின் பள்ளியில் கூப்பிட்டார்கள். அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன்.

ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். டிராகன்கள் பேசுவதற்கென்று ஒரு மொழியை உருவாக்கி, வகுப்பில் பாதிப் பேருக்குக் கற்றும் கொடுத்துவிட்டாள். அவர்கள் பேசுவது டீச்சருக்குப் புரியவில்லை. அதுதான் புகார்.

டீச்சரும் தமிழ்தான். இந்த ஊர் லாலாகுடாவிலேயே பிறந்து வளர்ந்தவர், பேச்சில் உருது கலந்துவிடும். "கைக்கு மேடம், எதுக்கு இதெல்லாம்? பரீட்சைக்கு வருமா?" என்று கேட்டு, அவளிடமிருந்து பிடுங்கி வைத்திருந்த நோட்டை மேசையில் போட்டார்.

புரட்டினேன். வினைச்சொல் முதலில் வர வேண்டும். பறந்துகொண்டே பேசினால் ஒரு விகுதி, தரையில் நின்று பேசினால் வேறு. கட்டளைச் சொல்லே கிடையாது. டிராகனிடம் கேட்கத்தான் முடியும், ஏவ முடியாதாம்.

தமிழ் இலக்கணம் என்றால் "நக்கோ மா, வேணாம்" என்று ஓடுகிறவள், இருபது பக்கம் இலக்கணம் எழுதியிருக்கிறாள்.

"இதுல என்ன தப்பு?"

"எனக்குப் புரியலையே மேடம்."

"நீங்களும் கத்துக்கலாமே. விதி கொஞ்சம்தான்."

டீச்சர் பள்ளி டைரியை நீட்டினார். இனி இப்படி நடக்காது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

வாசலில் நின்ற மகளைக் கூப்பிட்டுக் காதோடு கேட்டேன். அவள் சொல்லச் சொல்ல, "பார்த்தேன் நான். பெருமைப்படுகிறேன் நான்" என்பதை டிராகன் மொழியிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"என்ன மேடம் எழுதியிருக்கீங்க?"

"அவகிட்ட கேளுங்க. கேட்டா சொல்லுவா."

திங்கட்கிழமை மறுபடி கூப்பிடுவார்கள். எனக்கு லீவு தீர்ந்துவிட்டது. இதைப் படிக்கிறவர்களில் யார், எனக்குப் பதிலாக, அவளுக்குச் சித்தி, மாமா என்று சொல்லிக்கொண்டு போகிறீர்கள்? நோட்டை அனுப்பிவைக்கிறேன், படித்துவிட்டுப் போங்கள்.