அக்கா கன்னத்தில் காகித ரோஜாவின் சாயம்

காகிதப் பூ என்றாலே எனக்குக் குமட்டும். இன்றைக்கும் யாராவது வண்ணக் காகிதத்தை வெட்டித் தோரணம் கட்டினால் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன். சாந்தோமில் எங்கள் அக்காவின் நிச்சயதார்த்தத்துக்கு முந்தைய வாரம் வீட்டில் கிளம்பிய நாற்றம் அப்படி.

உலக யுத்தம் நடந்த காலம். கடையில் வண்ணக் காகிதம் கண்ணிலேயே படவில்லை. அப்பா வாத்தியார், பள்ளிக்கூடத்தில் கழித்துப்போட்ட தாள்களைச் சுமந்து வந்தார். அவற்றைச் சிவப்புச் சாயத்தில் முக்கி, கொடியில் உலர்த்தி, ரோஜா செய்து கூடம் முழுக்கத் தொங்கவிட வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் வசதிக்காரர்கள். அவர்கள் முன்னால் நம் வீடு மொட்டையாக நிற்கக் கூடாதாம். இந்த இடம் கைநழுவினால் அக்காவுக்கு வேறு இடம் அமையாது என்று அப்பாவுக்குப் பயம்.

மாவுப் பசை மறுநாளே புளித்துவிட்டது. அதில் ஒரு கரப்பான் பூச்சி மிதந்தது. வேறு கிண்டலாமே என்றேன்.

"ரேஷன் மாவு இன்னா கொட்டியா கெடக்குது? அத எடுத்துப் போட்டுட்டு ஒட்டு" என்றாள் அம்மா.

சீ! விரலை எவ்வளவு தேய்த்தாலும் வாடை போகவில்லை, சோறு இறங்கவில்லை. அக்கா மட்டும் முகம் சுளிக்காமல் இதழ் இதழாகச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

விருந்தன்று மோதிரம் போட்டாயிற்று. மாப்பிள்ளையின் அம்மா அண்ணாந்து பார்த்தாள்.

"பேப்பர் பூவா? சல்லிசா முடிச்சிட்டீங்க போல கீதே!"

அவள் சிரித்தாள் சரி, அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தாரே! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கறிக்குழம்பை வழித்துத் தின்றவளுக்குக் கொல்லைவரை போய்க் கை கழுவச் சோம்பல். தலைக்கு மேல் தொங்கிய ரோஜாவை வெடுக்கென்று பிய்த்தாள். விரலைத் துடைத்தாள், உதட்டைத் துடைத்தாள், கசக்கித் தரையில் போட்டாள். துண்டும் கையுமாக நான் பக்கத்திலேயே நிற்கிறேன்! ஈரம் பட்ட சாயம் அவள் உதடெல்லாம் ஏறிவிட்டது. அந்த வாயோடு அக்காவை இழுத்து, "என் மருமவளே" என்று கன்னத்தில் அழுத்தமாக ஒரு முத்தம். எண்ணெயும் சாயமும் அப்பிக்கொண்டன. மாப்பிள்ளை பார்த்துக்கொண்டேதான் வெற்றிலை மென்றான். தூ, அவனெல்லாம் ஒரு ஆம்பளை.

அவர்கள் போனபின் அக்கா சீயக்காய் போட்டுத் தேய்த்தாள். எண்ணெய் போனது, சாயம் போகவில்லை. மறுநாள் மாதா கோவில் காலைப் பூசைக்கும் அந்தக் கன்னத்தோடுதான் வந்தாள். முக்காட்டை இழுத்துவிடச் சொல்லி அம்மா கிள்ளினாள். அவள் இழுக்கவில்லை.

வீடு திரும்பியதும் மோதிரத்தைக் கழற்றி அப்பாவிடம் நீட்டினாள்.

"ஒரு வாரமா நான் உக்காந்து பண்ண பூப்பா. அதுல வாயத் தொடச்சிட்டுக் கீழ போட்டாங்க. நாளைக்கு என்ன எங்க போடுவாங்க?"

அப்பா அவள் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மோதிரத்தை வாங்கிச் சட்டைப்பையில் போட்டார், செருப்பை மாட்டினார். வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார்.

"அந்தப் பூவெல்லாம் அவுத்துக் கொளுத்திப்புடு. நான் குடுத்துட்டு வரதுக்குள்ள கூடத்துல ஒண்ணு இருக்கக் கூடாது."