ரிங்கைத் திருப்பிப் போட்ட சுடலையம்மாள்

மம்சாபுரத்தில் சுடலையம்மாளுக்கு வேண்டாதவர்கள் அதிகம். வாய் அப்படி. ஆனால் வேண்டாதவர்களும் அரிவாள் மழுங்கினால் அவளிடம்தான் வந்து நிற்பார்கள். அந்த நேரத்தில் அவள் அவர்களை நன்றாகக் காக்க வைப்பாள்.

அவள் புருஷன் பால்ச்சாமி கொல்லுப் பட்டறை வைத்திருந்தார். பதினெட்டு வருஷம் அவர் இடுக்கி பிடிக்க, இவள் சம்மட்டி அடித்தாள். 1988இல் பக்கவாதம் வந்து அவருடைய வலது கையும் காலும் விழுந்துவிட்டன. மூன்றாம் மாதமே அவர் அண்ணன் தவசிமுத்து வந்து, பட்டறையைப் பூட்டிவிட்டு இடத்தைச் சைக்கிள் கடைக்கு விடலாம் என்றார். இடம் அண்ணன் தம்பி இருவருக்கும் பொது.

"சம்மட்டி அடிக்கிறது வேற, இடுக்கி பிடிக்கிறது வேற. பொம்பள பொறுப்புல பட்டறை நிக்காது."

"நிக்குமா நிக்காதான்னு வேல சொல்லட்டும் அத்தான். அடுத்து வார வேல கெட்டுப்போச்சுன்னா நானே சாவியக் குடுத்துருதேன்."

இதைத்தான் வாய்க்கொழுப்பு என்பது. அடுத்து வந்தது அரிவாளும் இல்லை, மண்வெட்டியும் இல்லை.

ராஜபாளையத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த ராஜரத்தினம் ஒரு சாக்கு மூட்டையை மொபெட்டில் கட்டிக்கொண்டு வந்திறங்கினார். ஒரு டாக்டரின் பழைய மாரிஸ் கார் சம்பந்தப்பட்ட வேலை. இன்ஜினின் பின்னால் ஃப்ளைவீல் என்று கனத்த இரும்புச் சக்கரம் ஒன்று உண்டு. அதைச் சுற்றிப் பல் வைத்த வளையம் இறுகியிருக்கும், ரிங் என்பார்கள். செல்ஃப் மோட்டார் அந்தப் பல்லைக் கடித்துத்தான் இன்ஜினைக் கிளப்பும். பல் தேய்ந்துபோனதால் மோட்டார் சும்மா கர்ரென்று சுற்றியது. டாக்டர் உள்ளே உட்கார்ந்திருக்க, தினமும் நாலு பேர் காரைத் தள்ளினார்கள்.

மதுரையில் அலைந்து புது ரிங் வாங்கியாயிற்று. அதைச் சூடாக்கி, விரிந்த சூட்டோடு சக்கரத்தில் இறக்க வேண்டும். கேஸ் தீயைக் காட்டினால் ஒரு பக்கம் விரிகிறது, மறுபக்கம் மாட்டிக்கொள்கிறது. மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடுகிறவர்கள் வட்டமாக வரட்டி அடுக்கித்தானே சூடேற்றுகிறார்கள் என்று ஞாபகம் வந்து, பால்ச்சாமியைத் தேடி வந்திருந்தார்.

"அவியளுக்கு முடியல. நான் போடுதேன்," என்றாள் சுடலையம்மாள்.

ராஜரத்தினம் தயங்கினார். மூட்டையை மறுபடி கட்டச் சோம்பலோ என்னவோ, சரி என்றார். வேடிக்கை பார்க்கவென்றே தவசிமுத்துவும் வந்து நின்றார்.

பட்டாவுக்குச் செய்வதுபோலவே ரிங்கை வரட்டித் தீயில் செக்கச்செவேலென்று காய வைத்தாள். இடுக்கியால் தூக்கி இறக்கியபோது வழுக்கிக்கொண்டு உட்கார்ந்தது. ராஜரத்தினம் பாராட்ட வாயெடுப்பதற்குள், கைப்பழக்கத்தில் குடத்துத் தண்ணீரை அதன்மேல் ஊற்றிவிட்டாள். வண்டிச் சக்கரத்துக்கு அப்படித்தான் ஊற்றுவார்கள், இல்லையென்றால் கட்டை கருகிவிடும். இங்கே 'டிக்'கென்று ஒரு சத்தம் கேட்டது. ரிங்கின் குறுக்கே மயிரிழையாக ஒரு விரிசல்.

"சாவி," என்று கையை நீட்டினார் தவசிமுத்து.

அவளுக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகத் தன் கைமேல் கோபம் வந்தது.

"கெடுத்தது நான்தான். ஆனா வேல இன்னும் முடியல அத்தான். செத்த நேரம் அங்கிட்டு நில்லுங்க."

"மதுர பூராத் தேடி ஒன்னே ஒன்னு கெடச்சது தாயி. இனி எதப் போடுவ?" என்றார் ராஜரத்தினம்.

சாக்குக்குள் பழைய ரிங் கிடந்தது. அளவுக்காகக் கொண்டுவந்தது. உடைக்காமல் தட்டிக் கழற்றியிருந்ததால் முழுசாக இருந்தது. அதை எடுத்துப் பல் பல்லாகத் தடவினாள். எதிரெதிராக இரண்டே இடங்களில் மொட்டை. மற்றதெல்லாம் கருக்கு மாறாமல் இருந்தது.

"இதென்ன, ரெண்டு எடத்துல மட்டும் தேஞ்சிருக்கு?"

"நாலு சிலிண்டர் இன்ஜின் அணைஞ்சா அந்த ரெண்டு நெலையிலதான் வந்து நிக்கும். செல்ஃப் எப்பவும் அங்கனயே கடிக்கும்."

"அப்பம் கால்வட்டம் திருப்பிப் போட்டா நல்ல பல்லு அங்கன வந்துருமே?"

ராஜரத்தினம் தலையில் அடித்துக்கொண்டார். அவரே சில வண்டிகளுக்கு அப்படித் திருப்பிப் போட்டவர்தான். புது ரிங் வாங்கிய பெருமையில் அது மறந்தே போயிருந்தது.

இந்த முறை அவள் அவசரப்படவில்லை. பல் வைத்த சாமான் பட்டாவின் இனம் இல்லை, கதிர் அரிவாளின் இனம் என்று இப்போதுதான் உறைத்தது. அரிவாளுக்குப் பதம் பார்க்கும்போது இரும்பு வைக்கோல் நிறத்துக்கு வந்ததும் நெருப்பைவிட்டு எடுத்துவிட வேண்டும். சிவக்க விடவே கூடாது. விரிசல் விட்டதைக் கழற்றி எறிந்துவிட்டு, பழைய ரிங்கில் ஓரிடத்தை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கினாள். தணலின்மேல் வைத்து அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வைக்கோல் நிறம் தட்டிய நிமிஷம் தூக்கி, கால்வட்டம் தள்ளி இறக்கி, சுற்றிலும் மெல்லத் தட்டினாள். தவசிமுத்து குடத்தை எடுத்து நீட்டினார்.

"தொடாதீய. தானா ஆறட்டும்."

மூன்றாம் நாள் தவசிமுத்துவையும் இழுத்துக்கொண்டு ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறினாள். ராஜரத்தினம் ஃப்ளைவீலை மாட்டி முடித்திருந்தார். சாவியைத் திருப்பினார். மோட்டார் பல்லைக் கடித்தது, இன்ஜின் கிளம்பியது.

"அணைங்க. திரும்பப் போடுங்க," என்றாள். பன்னிரண்டு தடவை அப்படிச் செய்ய வைத்தாள். பன்னிரண்டு தடவையும் கிளம்பியது. பேட்டரி இறங்கிவிடும் என்று ராஜரத்தினம் கும்பிட்ட பிறகுதான் விட்டாள்.

தவசிமுத்துவுக்கு மனசு ஆறவில்லை. "ஏதோ குருட்டாம்போக்குல அமைஞ்சிருச்சு. மொத ரிங்க ஒடச்சது ஒடச்சதுதான? பேச்சுன்னா பேச்சு."

"ஆமா, ஒடச்சேன். ஒடச்சதும் இந்தக் கைதான், சரி பண்ணுனதும் இந்தக் கைதான். பதினெட்டு வருசத்துல ஒங்க தம்பி கெடுத்த பட்டா எம்புட்டுன்னு பக்கத்துல நின்ன எனக்குத் தெரியும். ஒரு நாளாவது அவியகிட்ட சாவி கேட்டீயளா அத்தான்?"

தவசிமுத்து கேட்டதே இல்லை. அதற்குப் பிறகு அவர் பட்டறைச் சாவியைக் கேட்கவும் இல்லை. சுடலையம்மாள் 1998 வரை பட்டறையை நடத்தினாள். அதற்குள் இன்னும் நான்கு ரிங்குகளைக் கெடுத்தாள், யார் கேட்டாலும் முதலாவதையும் சேர்த்து ஐந்து என்றே மறைக்காமல் சொன்னாள்.