தங்கச்சிக்குக் காட்டாத வெயில்

எண்பதுகளின் தொடக்கம். சாய்ந்தமருதில் எங்கள் வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள். ஒன்பது வயதில் நான் எலும்பும் தோலும். ஒன்றரை வயதுத் தங்கச்சிக்குக் கையிலும் தொடையிலும் மடிப்பு மடிப்பாகச் சதை. வருகிறவர்கள் அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டு என்னைப் பார்த்து, "இவளுக்குத் திங்க ஒண்டும் குடுக்கிறல்லையா?" என்பார்கள். உம்மா சிரிப்பார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

கண்ணூறு பட்டுவிடும் என்று தங்கச்சியை உம்மா வெளியிலேயே விடுவதில்லை. பகலெல்லாம் சன்னல் சாத்திய அறையில் தகர டின்னில் வரும் இனிப்பு ரின்பாலில் தோய்த்த பாண் ரொட்டியைத் தின்றுகொண்டு கிடப்பாள். மாதத்தில் ஒரு நாள் மட்டும் துணியால் மூடி கிளினிக்குக்குத் தூக்கிப்போய், தராசில் தொங்கவிட்டு, கார்டில் கோடு மேலே ஏறுவதைப் பார்த்துப் பூரிப்போடு திரும்புவார். ஒரு தடவை பாண்டிருப்பிலிருந்து வரும் மருத்துவிச்சி அந்தப் பூரிப்பைக் கெடுத்தார்.

"பாரம் மட்டும் ஏறுது. பிள்ளை இன்னும் எழும்பி நிக்கல்லையே. இந்த எலும்பு இந்தப் பாரத்தைத் தாங்காது. காலமை இளவெயில்ல உடுப்பில்லாம விடுங்க."

உம்மா யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். சனம் நடமாடத் தொடங்குமுன், வளவின் பின்பக்கம், வேலிக்கு உள்ளே.

"நீ கொண்டு போ மகள். நீ போனா ஒருத்தரும் திரும்பிப் பாக்கமாட்டாங்க."

எனக்குச் சுருக்கென்று தைத்தது.

தினமும் அவளை இடுப்பில் சுமந்துபோனேன். விறகுக் கொட்டிலுக்குள், வெயில் எட்டாத மூலையில் சாக்கை விரித்து அவளைப் போட்டுவிட்டு, நான் வெயிலில் உட்கார்ந்து கற்களை எறிந்து பிடித்துக் கொக்கான் வெட்டினேன். அவள் கையை நீட்டி அழுவாள். "கிட, பூசணிக்கா" என்பேன். வீட்டுக்குள் போகுமுன் கன்னத்தை அழுத்தித் தேய்த்துச் சிவக்கவைப்பேன். உம்மா அதைப் பார்த்து, நல்ல வெயில் பட்டிருக்கிறது என்று என்னைப் புகழ்வார். மாதக்கணக்கில் இதையே செய்தேன்.

இரண்டு வயது தாண்டித்தான் எழுந்து நின்றாள். முழங்கால்கள் இரண்டும் வெளிப்பக்கமாக வளைந்திருந்தன. ஒரு நாள் குசினிப் படியிலிருந்து விழுந்தாள். ஒரு சாண் உயரம்தான். தொடையெலும்பு முறிந்துபோயிற்று.

ஆஸ்பத்திரியில் டொக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பிள்ளையை வெயில்ல விடுறல்லையா?"

உம்மா என்னை முன்னால் இழுத்துவிட்டார். "இவதான் டொக்டர், ஒரு நாளும் தவறாம வெயில் காட்டினா. கேட்டுப் பாருங்க."

டொக்டர் என்னைப் பார்த்தார்.

"ஓம்" என்றேன்.

"அப்ப பரம்பரையா இருக்கலாம். உங்கட பக்கத்தில ஆருக்கும் கால் வளைவு இருக்கா?"

உம்மா கொஞ்சம் யோசித்தார். "என்ட மாமா ஒராள் நொண்டித்தான் நடந்தார்" என்றார்.

அதோடு தீர்ப்பாயிற்று. வெயிலைப் பற்றிப் பிறகு யாரும் கேட்கவில்லை. வாப்பாவின் ஆட்கள் வீட்டுக்கு வந்து, "சம்பந்தம் பேசக்குள்ளயே ரத்தத்தப் பாத்திருக்கணும்" என்று உம்மாவின் முகத்துக்கு நேரே சொன்னார்கள். உம்மா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

முறிவு பொருந்தியது, வளைவு நிமிரவில்லை. தங்கச்சி இன்றும் சாய்ந்து சாய்ந்துதான் நடக்கிறாள். உம்மா மவுத்தாவதற்கு இரண்டு நாள் முன்பு அவளுடைய காலைத் தடவி, "என்ட வயித்தில பிறந்ததாலதானே மகள், என்னெ மன்னிச்சிக்க" என்று அழுதார். நான் அதே கட்டிலில், உம்மாவின் தலைமாட்டில் இருந்தேன். வாய் திறக்கவில்லை.