பாஸ் ஆன ரிப்போர்ட்

“...நல்லா இருக்குதுன்னுதான் ரிப்போர்ட்டே வந்துருச்சில்லீங்க. பாஸான பீஸை மறுக்கா எதுக்குங்க பிரிக்கோணும்?” என்று கேட்டார் அக்கா.

டாக்டரம்மாவுக்கு விளங்கவில்லை. “பனியன் கம்பெனியில செக்கிங் பாக்கறமுங்க, அந்தப் பேச்சுங்க” என்றேன் நான்.

பல வருஷமாக ஒரே டேபிளில் நின்று கறையும் ஓட்டையும் தேடுகிறோம், அக்காவும் நானும். மாதவிலக்கு வந்தால் அக்கா வலியில் சுருண்டுவிடுவார். கர்ப்பப்பைச் சுவர் தடித்து வீங்கியிருக்கிறது, புற்று இல்லை, விலக்கு நின்றால் தானே அடங்கும் என்று அப்போதே ஸ்கேன் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். நின்றும் போனது. “எனக்கு ரிட்டையர்மென்ட்டு புள்ளைகளா!” என்று டேபிளுக்கே மைசூர்பாகு கொடுத்தார்.

மூன்று வருஷம் கழித்து மறுபடி உதிரம் பட்டிருக்கிறது. கட்டிங் வேஸ்ட் துணியை அவர் முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு பாத்ரூம் போவதைப் பார்த்துவிட்டேன். “பழைய வீக்கந்தான் புள்ள, எம்மேல ஆசை உடல அதுக்கு” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. லீவு சொல்லி ஆஸ்பத்திரிக்கு இழுத்து வந்தேன்.

உள்ளிருந்து சதை எடுத்துச் சோதித்ததில் ஒன்றுமில்லை என்று வந்தது. டாக்டரம்மா மட்டும் இப்போது எடுத்த ஸ்கேனைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

“சோதிச்சது உள்பக்கத்து மேல்படலத்தைத்தாம்மா. சந்தேகம் சுவருக்குள்ள. இந்த வீக்கத்துல புற்று வர்றது ரொம்ப அபூர்வம். ஆனா வரும். கர்ப்பப்பையை எடுத்தாத்தான் தெரியும்.”

“அப்ப மொதல்ல ஸ்கேன் பாத்து ஒண்ணுமில்லைன்னது பொய்யுங்களா?”

“அன்னிக்கு அது உண்மைதான்.”

அந்தச் சுவருக்குள் புற்று இருந்தது பிறகுதான் தெரிந்தது. அப்போது அந்த அறையில் யாருக்கும் தெரியாது. அக்கா கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

“ஏனுங்கக்கா, பெட்டி வந்தா மேல இருக்கற பீஸை மட்டும் பாத்து நீங்க பாஸ் போடுவீங்களா?” என்றேன். “அடிவரைக்கும் கையை உட்டு ஒரு பீஸை உருவிப் பாக்காம உட்டிருக்கீங்களா?”

“வாய மூடு புள்ள.”

வெளியே அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள்.

அக்கா எழுந்தார். போய்விடுவார் என்றே நினைத்தேன். மேசை மேலிருந்த காலண்டரைத் தன் பக்கம் திருப்பி, நாளைய தேதியின் மேல் விரலை வைத்தார்.