மேகப் படத்திலேயே நின்றது

ஆவணி முகூர்த்தங்களுக்குப் பத்திரிகை அடிக்கிற நேரமாகப் பார்த்துத்தான் என் கம்ப்யூட்டர் படுத்தது. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு மாடி அறையில் அப்போது டி.டி.பி. சென்டர் வைத்திருந்தேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கோவில் நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றையும் நான் அடித்து பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால், பக்கத்துத் தெரு பிரஸ்காரர் அச்சுப் போடுவார். என்னிடம் இருந்தது ஒரே கம்ப்யூட்டர். அதுவும் ஏதோ ஆபீசில் கழித்துவிட்டதை வாங்கியது.

வைரஸ் ஏறி அது நகரவே மாட்டேன் என்றதும் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். கடை திறந்த கையோடு வந்தவர், "ஃபார்மேட் பண்ணாத்தான் சரியாகும்க்கா" என்று எல்லாவற்றையும் அழித்துவிட்டு, சி.டி.யைப் போட்டு சிஸ்டத்தைப் புதிதாக ஏற்ற ஆரம்பித்தார். அது பாதி ஓடும்போதே எழுந்துகொண்டார்.

"இனி அதுவா முடிஞ்சிரும்க்கா. அதுவா ரீஸ்டார்ட் ஆகும், பயப்படாதீங்க. பழனியில அக்கா மகனுக்கு மொட்டை, பஸ்ஸப் பிடிக்கணும்."

ரீஸ்டார்ட் ஆனது. நீல வானத்தில் வெள்ளை மேகம் மிதக்கிற படம் வந்தது. அடியில் ஓடும் கோடு கொஞ்சம் ஓடி நின்றது. மவுசை ஆட்டினேன், கீபோர்டைத் தட்டினேன். ஒன்றும் அசையவில்லை. அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். அதே மேகம், அதே இடத்தில் செத்து நிற்கிற கோடு.

அந்த நேரத்தில்தான் அகரத்துப் பூந்தோட்டக்காரர் படியேறி வந்தார். மகள் கல்யாணப் பத்திரிகையை முதல் நாளே திருத்திப் பார்த்து, சரி என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். மறுநாள் காலையில் சாமி பாதத்தில் வைத்துவிட்டு ஊரழைக்கக் கிளம்ப வேண்டும். பிரிண்ட் அன்றைக்கே பிரஸ்ஸுக்குப் போயாக வேண்டும்.

"செத்த நேரம் உக்காருங்கண்ணே. மிஷின் மக்கர் பண்ணுது."

உட்கார்ந்தார். அதோடு விடவில்லை.

"டி.வி.ப் பொட்டி கூட இப்படித்தான் நிக்கும் தாயி. தலையில ஒண்ணு போட்டுப் பாரு."

"அண்ணே, இது அப்படி இல்லண்ணே."

"கரண்டு கம்மியா வருதோ என்னமோ."

பல்லைக் கடித்துக்கொண்டு மெக்கானிக்கின் செல்லுக்கு அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. திரும்பத் திரும்ப அடித்ததில் ஒருமுறை கிடைத்தது. பஸ் இரைச்சலுக்கு நடுவே, "போட்டதும் எஃப் எட்டை அமுக்கி சேஃப் மோடுல போங்கக்கா, அதுல..." என்றார். அவ்வளவுதான், லைன் போய்விட்டது.

அத்தியாவசியத்தை மட்டும் வைத்துத் திறக்கிற அந்த சேஃப் மோடில் திறந்தது. மாதாவே என்று மூச்சு விட்டேன். ஆனால் அதில் சி.டி. டிரைவ் வேலை செய்யவில்லை. சி.டி. இல்லாமல் தமிழ் எழுத்துருவை ஏற்ற முடியாது, பக்கம் வடிவமைக்கிற சாஃப்ட்வேரை ஏற்ற முடியாது. கதவைத் திறந்துவிட்டு உள்ளே வராதே என்பது போல இருந்தது. சாதாரணமாகத் திறந்தால் மறுபடி மேகம்.

டப்பாவைக் கழற்றினேன். மெமரியைப் பிடுங்கி, ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகினேன். மேகம். வயர்களை எல்லாம் அழுத்திவிட்டேன். மேகம். தகரத்தின் விளிம்பு கட்டைவிரலைக் கிழித்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வலியில் இல்லை, ஆத்திரத்தில்.

"ஏந்தாயி, எம் பத்திரிக அதுக்குள்ள இருக்கா, அதுவும் அழிஞ்சிருச்சா?"

"ஃப்ளாப்பியில வச்சிருக்கேண்ணே. அழியல."

"அழிஞ்சிருந்தாலும் நல்லதுதேன்" என்றார் அவர் தரையைப் பார்த்துக்கொண்டு.

எனக்கு வந்த கோபத்துக்கு ஸ்க்ரூ டிரைவரை மேசையில் போட்டேன். "என்னண்ணே பேசுறீங்க? காலையில இருந்து நான் எதுக்கு இதோட மல்லுக்கட்டுறேன்?"

அப்போதுதான் சொன்னார். அவருக்குக் கூடப்பிறந்த தம்பி ஒருவர். கிணற்றுத் தண்ணீர்ப் பங்கில் சண்டை வந்து பேச்சு நின்றுவிட்டது. பத்திரிகையில் ஒன்றுவிட்ட பங்காளிகள் பேரெல்லாம் இருக்கிறது, தம்பி பேர் மட்டும் இல்லை. "எம் மக நடக்கப் பழகுனதே அவன் கையப் பிடிச்சுத்தேன்" என்றார். பிறகு டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று இறங்கிப் போனார்.

அறையில் பேச்சு நின்றதும் எனக்கு யோசிக்க முடிந்தது. உள்ளே செருகியிருந்த அட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. சவுண்ட் கார்டைக் கழற்றினேன். மேகம். இன்டர்நெட் மோடம் அட்டையைக் கழற்றினேன். கோடு ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது, மேகம் மறைந்து திரை முழுசாகத் திறந்தது.

அந்த அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். டெலிபோன் வயர் செருகுகிற இடத்தில் கருகியிருந்தது. போன ஐப்பசி இடியில் போனது. அப்போது இதே மெக்கானிக்தான், "இதை உள்ள ஆஃப் பண்ணிட்டேன், கிடந்தா கிடக்கட்டும்க்கா" என்று சொன்னவர். ஃபார்மேட் செய்ததில் அந்த ஆஃப் அழிந்து, புது சிஸ்டம் செத்த மோடத்தை எழுப்பப் பார்த்து ஒவ்வொரு தடவையும் மாட்டிக்கொண்டிருக்கிறது. அவர் மட்டும் எதிரில் இருந்திருந்தால் அதை அவர் தலையிலேயே எறிந்திருப்பேன்.

எழுத்துரு, சாஃப்ட்வேர், பிரிண்டர் எல்லாம் ஏற்றி முடிக்க மதியம் தாண்டிவிட்டது. ஃப்ளாப்பியில் இருந்து பத்திரிகையைத் திறந்து, பிரிண்ட் கொடுக்கப் போகும்போது அவர் பின்னால் வந்து நின்றார்.

"தாயி, ஒரு பேரு சேக்கணும்."

"அண்ணே, இடமே இல்லண்ணே! நேத்தே சரின்னீங்களே!"

"பூத்துல இருந்து போன் பண்ணேன். அவன் பொண்டாட்டிதேன் எடுத்துச்சு. 'பத்திரிகையில அவுக பேரு இருக்கா மாமா'ன்னு கேட்டுச்சு. இருக்குன்னு சொல்லிப்புட்டேன்."

எழுத்தைச் சின்னதாக்கினேன், வரி இடைவெளியைக் குறுக்கினேன், ஓரத்துப் பூ வேலைப்பாட்டைத் தூக்கிவிட்டேன். சித்தப்பா பேர் உட்கார்ந்தது. அவர் அந்த ஒரு வரியை மட்டும் திரையில் விரல் வைத்துப் படித்துப் பார்த்துவிட்டு, தாளை வாங்கிக்கொண்டு பிரஸ்ஸுக்கு ஓடினார்.

பொழுது சாய்கிற நேரத்தில் என்னைக் கூட்டிப்போக வந்த வீட்டுக்காரர், பழக்கத்தில் கம்ப்யூட்டரை அணைக்கக் கையை நீட்டினார்.

"தொடாதீங்க! அது ஓடட்டும்."

"ராத்திரி பூராவா?"

"ஆமா, ராத்திரி பூராவும்."

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, விளக்கை மட்டும் அணைத்துக் கதவைப் பூட்டினார்.