கார்டில் எழுதிய வயது

இராஜத்துக்கு ஆறு வயதைக் குறைத்தது கடவுள் இல்லை, தோட்டத்து ஆபீஸில் இருந்த ஒரு பேனா. வயிறு எரியாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

நடந்தது 1992இல். இலங்கையில், தெரணியகலைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டம். இராஜம் அங்கே பால் வெட்டுகிறவள், வயது இருபத்தைந்து. அடையாள அட்டை எடுக்கப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். அவள் பிறந்ததை யாரும் பதிந்திருக்கவில்லை. வேலைக்குப் பேர் கொடுக்கிற வயது வரும்வரை தோட்டத்து வரிசை வீட்டு லயத்துப் பிள்ளையை யார் கணக்கில் எடுத்தார்கள்? ஆனால் அவளுக்கு ஆறு வருடம் பின்னால் பிறந்து, எட்டே மாதத்தில் வயிற்றோட்டத்தில் செத்துப்போன தங்கச்சிக்குச் சான்றிதழ் இருந்தது. அந்த வருடம் இருந்த மருத்துவிச்சி கொஞ்சம் பொறுப்பானவள். பெயர் எழுதும் இடம் மட்டும் காலியாகக் கிடந்தது.

பெரிய கிளாக்கர் சின்னத்தம்பி அந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புதிதாகப் பதிவதென்றால் நாலு கடிதம் எழுத வேண்டும், அரசாங்கக் கச்சேரிக்கு இரண்டு தரம் நடக்க வேண்டும். சோம்பேறிக்கு வாழைப்பழத்தையும் உரித்துத்தான் கொடுக்க வேண்டும்.

“இதுலயே இராஜம்னு எழுதிருவோம். செத்த புள்ளைக்குப் பேப்பர் எதுக்கு?” என்றார்.

இராஜத்தின் அம்மா கருப்பாயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “வயசு கொறயுதுங்களே ஐயா.”

“பொம்பளைக்கு வயசு கொறஞ்சா கசக்குமா? நல்ல மாப்பிள்ள வரும், போ.”

மாப்பிள்ளை வரத்தான் செய்தான். காளிதாஸ், தோட்டத்து லொறியில் வேலை, இருபத்தைந்து வயது, வாய் நிறையச் சிரிப்பு. 1994இல் கல்யாணம். காகிதத்தில் பெண்ணுக்கு இருபத்தொன்று. நிஜத்தில் இருபத்தேழு, மாப்பிள்ளையைவிட இரண்டு வயது மூத்தவள். காளிதாஸின் அம்மா சுப்பம்மாவோ, மூத்தவளைக் கட்டினால் ஆம்பிளைக்கு ஆயுசு கெட்டி இல்லை என்று நம்புகிறவள். அதனால் கருப்பாயி மகளைச் சாமி படத்துக்கு முன்னால் நிறுத்திச் சத்தியம் வாங்கினாள். “செத்தாலும் வாயத் தொறக்காத.” இராஜம் திறக்கவில்லை.

வருடங்கள் போயின, பிள்ளை வரவில்லை. சுப்பம்மா போகாத கோயில் இல்லை, இராஜத்தைக் குடிக்க வைக்காத கஷாயம் இல்லை. குழாயடியில் குடம் நிறைகிற நேரத்துக்குள் பத்துப் பேர் பத்து விதமாக அவள் வயிற்றைப் பார்த்தார்கள். பெற்றுப் போட்டதைத் தவிர வேறு சாமர்த்தியம் இல்லாதவளெல்லாம் புத்தி சொன்னாள்.

2000ஆம் ஆண்டு புருஷனும் பெண்டாட்டியுமாக டவுனில் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே அடையாள அட்டையைக் கேட்டார்கள், கிளினிக் கார்டில் இருபத்தேழு என்று எழுதினார்கள். காளிதாஸைச் சோதித்தார்கள், குறை இல்லை. அவளுடைய குழாய்களைப் பார்த்தார்கள், அடைப்பு இல்லை. டாக்டர் கார்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “இருபத்தேழுதானே. அவசரமில்லை. இன்னும் மூணு நாலு வருஷம் பாருங்க.”

அப்போது அவளுக்கு முப்பத்து மூன்று. சொல்லியிருக்கலாமே என்று கேட்பது சுலபம். வயதுக்கும் வயிற்றுக்கும் இப்படி ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்கிறது என்று யார் அவளுக்குச் சொன்னார்கள்? மாதம் தவறாமல் தூரமாகிறது, அப்புறம் என்ன குறை என்றுதான் அவள் இருந்தாள். காகிதத்தில் இருப்பது காகிதத்தோடு போகும், வயிற்றைத்தான் மெஷின் வைத்துப் பார்க்கிறார்களே என்று நினைத்தாள். நாலு வருடம், டாக்டர் சொன்ன சொல்லைத் தட்டாமல், பொறுத்திருந்தாள். தங்கமான நாலு வருடம்.

2004இல் அதே ஆஸ்பத்திரியில் புது டாக்டர். மாதவிலக்கு வந்த மூன்றாம் நாள் இரத்தம் எடுத்தார்கள். ஸ்கேன் வைத்துச் சூலகம் இரண்டையும் பார்த்தார்கள். முடிவு கேட்கப் போன அன்றைக்கு சுப்பம்மாவும் கூடவே தொற்றிக்கொண்டாள். வெளியே மர வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தபோது நர்ஸ் நிலுஷா இராஜத்தின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சிங்களப் பிள்ளை, ஆனால் எஹலியகொடையில் தோட்டத்துப் பிள்ளைகளோடு வளர்ந்தவள். தமிழ் தண்ணிபட்ட பாடு.

“அக்கா, பொம்பளப் புள்ள பொறக்கறப்பவே அதோட முட்டையெல்லாம் உள்ளுக்கு இருக்கு. புதுசா ஊறாது. வருஷம் போகப் போக இருக்கிறது கொறஞ்சிட்டே வரும். முப்பத்தஞ்சு தாண்டினா வேகமாக் கொறயும். மாசம் சரியா வந்தாலும் உள்ளுக்கு கொறயத்தான் செய்யும்.”

“மரத்துல வெட்டின பட்ட திரும்ப வளருதே, அந்த மாதிரி வளராதா?” பால் வெட்டுகிறவளுக்கு அப்படித்தான் கேட்கத் தோன்றியது.

“மரத்துக்கு வளரும் அக்கா. நமக்கு வளராது. ஒங்களுக்கு ரொம்பக் கொறஞ்சிருக்கு. முப்பத்தொரு வயசுக்கு இப்பிடி இருக்கக் கூடாதுன்னு டாக்டர் யோசிக்கிறார்.”

இராஜத்துக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இந்த நாலு வார்த்தையைச் சொல்ல ஒரு மனுஷருக்கு இத்தனை வருடம் வாய் வரவில்லையா?

உள்ளே டாக்டர் சிங்களத்தில் பேசினார். இந்த வயதில் இப்படி என்றால் ஏதோ நோயாக இருக்கலாம். இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பிக் காரணம் தேட வேண்டும். அதற்குப் பிறகுதான் மருந்து. அடுத்த தேதி எட்டு மாதம் கழித்து.

எட்டு மாதம்! உள்ளே இருப்பது குறைந்துகொண்டே இருக்க, இன்னும் எட்டு மாதம். உண்மையைச் சொன்னால் தேதி மாறலாம். சொன்னால் வீடு மாறிப்போகும். இதோ மாமியார் தோளை உரசிக்கொண்டு நிற்கிறாள், புருஷன் கதவோரமாகத் தொப்பியைப் பிசைந்துகொண்டு நிற்கிறான்.

“மாத்தயா, வயச திஸ் ஹதய்” என்று டாக்டரிடம் சிங்களத்தில் சொன்னாள். பிறகு திரும்பி, மாமியார் காதில் சந்தேகமில்லாமல் விழட்டும் என்று தமிழிலும் சொன்னாள். “எனக்கு முப்பத்தேழு வயசு. கார்டுல இருக்கிறது செத்துப்போன எந் தங்கச்சி வயசு.”

சுப்பம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டாள். “அடிப் பாவி! எம் மகனுக்கு அக்காவையா கட்டி வச்சேன்!”

டாக்டர் ஸ்கேன் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தார். “அப்படியானால் இது நோய் இல்லை. உங்கள் வயதுக்கு இது நடக்கக்கூடியதுதான். குறைவுதான், ஆனால் ஒன்றுமே இல்லை என்று இல்லை. அடுத்த மாதமே தொடங்குவோம்.”

நோய் இல்லை. பத்து வருடமாகக் குறை சுமந்த உடம்பு தன் கணக்கை ஒரு நாளும் தப்பாகச் சொன்னதில்லை. அழுவதா, மேசையைக் கவிழ்ப்பதா என்று தெரியாமல் நின்றாள்.

பஸ்ஸில் காளிதாஸ் வேறு சீட்டில் போய் உட்கார்ந்தான். ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கிளினிக் நாளன்று காலையில் மட்டும் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றான். “மூத்தவ சொன்னாக் கேட்டுத்தானே ஆகணும். வா, பஸ் போயிரும்.” உள்ளேயிருந்து சுப்பம்மா போட்ட சத்தம் ரோடு வரைக்கும் வந்தது. இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆறு மாதம் மாத்திரை, ஊசி. நாலாவது மாதம் நாள் தள்ளியது. எட்டாவது வாரம் கலைந்தது. அதற்குப் பிறகு தங்கவே இல்லை. 2005 முடிகிற நேரத்தில் டாக்டர் கார்டை மூடினார். கெட்ட மனுஷர் இல்லை, வருத்தத்தோடுதான் சொன்னார்: “முதன்முதலில் வந்தபோதே உண்மை வயதைச் சொல்லியிருந்தால் நல்ல வாய்ப்பு இருந்திருக்கும், அம்மா.”

இராஜத்துக்கு அதுதான் தாங்கவில்லை.

“யாரு மாத்தயா என்னையக் கேட்டாங்க? கார்டத்தான் கேட்டாங்க. கேட்டிருந்தாலும் பொய்தான் சொல்லியிருப்பேன், அது வேற. ஆனா எதுக்குக் கேக்குறோம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா? முட்ட கொறயும், திரும்ப ஊறாதுன்னு சொல்லியிருந்தா? அன்னைக்கே சொல்லியிருப்பேனே! புருஷன் போனாலும் போகட்டும்னு சொல்லியிருப்பேனே!”

இத்தனையையும் அவள் சிங்களத்திலேயே கொட்டினாள். மொழிபெயர்க்க நிலுஷாவுக்கு வேலை இருக்கவில்லை. டாக்டர் மூடிய கார்டை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

இராஜம் வெளியே வந்து வாங்கில் உட்கார்ந்தாள். அடுத்ததாக லயத்துப் பெண் ஒருத்தி புருஷனோடு உள்ளே போனாள். கதவு சரியாகச் சாத்தவில்லை, உள்ளே நடப்பது இடுக்கு வழியாகத் தெரிந்தது. கார்டைப் பார்க்காமல் “வயச கீயத?” என்று டாக்டர் வயதைக் கேட்பது கேட்டது. அந்தப் பெண் இழுத்தாள், புருஷன் முகத்தைப் பார்த்தாள், இருபத்தெட்டு என்றாள். அவர் எழுதிக்கொண்டார். எதற்குக் கேட்கிறேன் என்று மட்டும் சொல்லவில்லை.

இராஜம் எழுந்து, கதவைத் தள்ளிக்கொண்டு மறுபடியும் உள்ளே போனாள்.